மரியாளின் பாட்டும் தேவதைக் கதைகளும்

தேவதைக் கதைகளுக்குள் கிறிஸ்தவப் பொருள் உண்டா என்ற பேச்சு ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களிடையே எழும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பவள் ஸ்னோ ஒயிட்தான். அவள் கடித்த நச்சு ஆப்பிள் ஏதேன் தோட்டத்துக் கனி, அவளைக் கிடத்திய கண்ணாடிப் பேழை கல்லறை, பொறாமை பிடித்த அரசி பழைய பாம்பு, முத்தமிட்டு எழுப்பும் இளவரசன் உயிர்ப்பிக்கிற கிறிஸ்து என்று வரிசையாகப் பொருத்திக்கொண்டே போவார்கள். ஏழு குள்ளர்களை வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளாக்கிய ஒரு விளக்கத்தையும் நான் கேட்டிருக்கிறேன். சொன்னவர், வெதுவெதுப்பானது என்று கண்டிக்கப்பட்ட லவோதிக்கேயா சபை எந்தக் குள்ளன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இலங்கையின் மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலயத்தில் பிள்ளைகளுக்கு வேதபாடமும் கதையும் சொல்லிவருகிற எனக்கு, இந்தப் பொருத்தம் பார்க்கும் முறையில் நெடுநாளாகவே மனம் ஒட்டவில்லை. இக்கதையை எழுதிவைத்த ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களுடைய கதைத் தொகுப்பில் அந்த முத்தமே கிடையாது. பேழைக்குள் கிடக்கும் அழகில் மயங்கிய இளவரசன், குள்ளர்களிடம் பேழையையே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான். 1857 ஆம் ஆண்டின் இறுதிப் பதிப்பில், அதைத் தூக்கிச் சென்ற வேலையாட்கள் ஒரு புதரில் இடறியபோது ஏற்பட்ட குலுக்கலில் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழ, அவள் கண் விழிக்கிறாள். முத்தத்தை உலகறியச் செய்தது 1937 இல் வந்த டிஸ்னி திரைப்படம். அதற்கும் மேலாக, கிரிம் கதையின் முடிவில் அரசி கல்யாண விருந்துக்கு அழைக்கப்பட்டு, நெருப்பில் காய்ச்சிய இரும்புச் செருப்புகளை அணிந்து செத்து விழும்வரை ஆடவேண்டியிருக்கிறது. இளவரசன் கிறிஸ்து என்றால், அந்தக் கல்யாணம் ஆட்டுக்குட்டியானவரின் கலியாணமாக இருந்தாக வேண்டும். அப்படியானால் அந்தச் செருப்புகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இந்த முறையை நான் ஏற்காமைக்கு எங்கள் மண்ணிலிருந்தே இன்னொரு காரணமும் உண்டு. மாசி, பங்குனி மாதங்களில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து நடைபெறும். நாங்கள் ஈஸ்டருக்கு முந்திய லெந்து என்னும் தவக்காலத்தை அனுசரிக்கும் நாட்களும் ஏறத்தாழ அவையே. சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணின் தீயில் எரிந்து சாம்பலாகிறான். ரதி ஒப்பாரி வைத்து அழுகிறாள். அவளுடைய முறையீட்டுக்கு இரங்கி அவனுக்கு மீண்டும் உயிர் அருளப்படுகிறது. ரதி அழும் கட்டத்தில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வந்து சுற்றி நிற்கும் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்களில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்துக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் போய் நின்று, இது உண்மையில் எங்கள் உயிர்த்தெழுதலைப் பற்றிய கதைதான், உங்களுக்குத்தான் தெரியவில்லை என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பதை எங்கள் தோட்டத்துச் சிறு பிள்ளையும் அறியும். அது அந்த மக்களின் கதை. அதற்கென்று தெய்வமும் சடங்கும் உண்டு. அயலவரின் கூத்துக்கு நாம் கொடுக்கும் இந்த மரியாதையை ஜெர்மனியில் சொல்லப்பட்ட கதைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? கல்லறையின் அருகே நின்று அழுத மகதலேனா மரியாளும் ரதியும் ஒருத்திக்கொருத்தி மறைபொருள் அல்லர்; ஆனால் சாவோடு எல்லாம் முடிந்துவிடக் கூடாது என்று இருவருமே பிடிவாதம் பிடிக்கிறார்கள். கதையில் நான் தேடுவது அத்தகைய பிடிவாதத்தைத்தான்.

ஆகவே ஒரு கதையைக் கையில் எடுக்கும்போது, இதில் யார் கிறிஸ்து, எது சிலுவை என்று நான் கேட்பதில்லை. இந்தக் கதை யாருடைய பக்கம் நிற்கிறது, கேட்கிறவனை எதை ஆசிக்கச் செய்கிறது என்று கேட்கிறேன். அதற்கான அளவுகோல் எங்கள் மாலை ஜெபத்திலேயே இருக்கிறது. 1662 ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் மாலை ஜெபத்துக்கென்று வைத்திருக்கும், இயேசுவின் தாயாகிய மரியாளின் பாட்டு, லூக்கா முதலாம் அதிகாரத்தில் உள்ளது: “பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார். பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்.” இதை வைத்துப் பார்த்தால், கடவுளின் பெயரை வாய் ஓயாமல் சொல்லும் சில கதைகள் தள்ளுபடியாகின்றன, கடவுளின் பெயரையே எடுக்காத சில கதைகள் தேறுகின்றன.

சிண்ட்ரெல்லாவின் கதை இதற்கு நல்ல சாட்சி. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல்ஸ் பெரோ 1697 இல் வெளியிட்ட வடிவத்தில் பக்திப் பேச்சு எதுவும் இல்லை. ஞானத்தாயாகிய, அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்றவளாகிய, ஒரு தேவதை பூசணிக்காயைத் தேராக்கி அவளை விருந்துக்கு அனுப்புகிறாள். கிரிம் சகோதரர்களின் வடிவத்தில் தேவதையே இல்லை. சாகக் கிடக்கும் தாய், பக்தியோடும் நல்லவளாகவும் இரு, கடவுள் எப்போதும் உனக்குத் துணை நிற்பார் என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கண்மூடுகிறாள். தாயின் கல்லறையில் நட்ட சிறு கொப்பு, மகளின் கண்ணீரில் நனைந்து மரமாகிறது. அவள் நாளுக்கு மூன்று முறை அதன் அடியில் போய் அழுது ஜெபிக்கிறாள். வெண்ணிறப் பறவை ஒன்று அதில் வந்து அமர்ந்து அவள் கேட்டதைத் தருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டில் எது கிறிஸ்தவக் கதை என்பதில் ஐயமே எழாது. ஆனால் முடிவைப் பாருங்கள். பெரோவின் சிண்ட்ரெல்லா, காலில் விழுந்த சகோதரிகளைத் தூக்கி அணைத்து, முழு மனதோடு மன்னித்து, அரண்மனையிலேயே இடம் கொடுத்து, இரு பிரபுக்களுக்கு மணமும் முடித்து வைக்கிறாள். கிரிம் தொகுப்பிலோ, 1819 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலிருந்து, மணமக்கள் ஆலயத்துக்குள் போகும்போது புறாக்கள் இரு சகோதரிகளில் ஒவ்வொருத்தியின் ஒரு கண்ணையும், திரும்பி வரும்போது மறு கண்ணையும் கொத்திவிடுகின்றன. யோர்தானில் இயேசுவின்மேல் இறங்கிய ஆவியானவருக்கு வேதம் கொடுத்த உருவம் புறா. அந்தப் புறாவை ஆலய வாசலிலேயே பழிவாங்க ஏவிவிட்ட கதைக்கு, கல்லறையடியில் செய்த ஜெபங்கள் எத்தனை இருந்தாலும் போதாது என்றே நான் நினைக்கிறேன்.

பெரோவைப் பரிசுத்தவானாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கதையின் கீழே அவர் செய்யுளில் இரண்டு நீதிகள் எழுதியிருக்கிறார். அவற்றில் இரண்டாவது, புத்தியும் துணிவும் நற்குடிப் பிறப்பும் இருந்தாலும் அவற்றைச் செல்லுபடியாக்க ஒரு ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ இல்லாவிட்டால் முன்னேற முடியாது என்கிறது. அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, தெரிந்த அரசியல்வாதி யாராவது இருக்கிறாரா என்று வீடு வீடாக விசாரித்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நீதியை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஞானத்தகப்பன் என்றவுடன் என் நினைவுக்கு வருவது கிரிம் தொகுப்பின் 44 ஆவது கதை. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரவும் பகலும் உழைத்தும் ரொட்டி போதாத ஓர் ஏழைக்குப் பதின்மூன்றாவது பிள்ளை பிறக்கிறது. எதிர்ப்படும் முதல் ஆளையே ஞானத்தகப்பனாக்குவது என்று தீர்மானித்து நெடுஞ்சாலைக்கு ஓடுகிறான். முதலில் வருகிறவர் கடவுள். பிள்ளையை ஏந்திக்கொள்கிறேன், உலகத்தில் அவனைச் சந்தோஷமாக வாழவைக்கிறேன் என்கிறார். நீர் யார் என்று கேட்டு அறிந்துகொண்ட ஏழை, உம்மை வேண்டாம், நீர் பணக்காரனுக்குக் கொடுக்கிறீர், ஏழையைப் பட்டினி கிடக்க விடுகிறீர் என்று சொல்லிவிட்டு நடக்கிறான். அடுத்து வந்த பிசாசையும், நீ மனிதரை ஏமாற்றுகிறவன் என்று ஒதுக்குகிறான். மூன்றாவதாக வந்த மரணத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறான். பணக்காரன், ஏழை என்ற பேதம் பார்க்காமல் எல்லோரையும் கொண்டுபோகிறவன் அவன் ஒருவன்தானே.

எங்கள் பக்கத்திலும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால், சற்று வசதியுள்ள, பேர் சொல்லக்கூடிய ஒருவரை ஞானத்தகப்பனாகத் தேடுவது உண்டு. ஆகவே இந்தக் கதையின் தேடல் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல. அந்த ஏழை கடவுளிடம் சொன்ன பதிலைக் கேட்டவுடன் அவர்கள் முதலில் திடுக்கிட்டு, பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். டீச்சர் இதை எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பார்வையில் இருக்கும். சகோதரர்களில் ஒருவரான வில்ஹெல்ம் கிரிம்முக்கும் அதே சங்கடம் வந்திருக்க வேண்டும். முதற்பதிப்பில் இல்லாத ஒரு வரியைப் பிற்பாடு கதையில் சேர்த்தார்கள்: கடவுள் செல்வத்தையும் வறுமையையும் எவ்வளவு ஞானமாகப் பங்கிடுகிறார் என்பதை அறியாததால் அந்த மனிதன் அப்படிப் பேசினான். சேர்த்தவர்கள் வறுமையை அறியாதவர்களும் அல்லர். 1796 இல் தந்தை இறந்தபின் கிரிம் குடும்பம் நெருக்கடியை நன்றாகவே அனுபவித்தது. பாட்டனார் சீர்திருத்த சபையின் குருவானவர். வில்ஹெல்மின் பக்தி வெறும் வேஷம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஒரு வரி எனக்குப் பொறுக்கவில்லை. துன்பத்தில் கடவுளைக் கேள்வி கேட்ட யோபுவின் வாயை அடைக்க வந்த மூன்று சிநேகிதர்களின் பேச்சு அது. அவர்கள் மூவரும் கடவுளுக்காகத்தான் வாதாடினார்கள். யோபு பேசியதுபோல அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கடைசியில் கடவுளே அவர்கள்மேல் கோபம் கொண்டார் அல்லவா?

அந்த வரியை எடுத்துவிட்டுக் கதையைச் சொன்னால், அங்கே கேட்பது பத்தாம் சங்கீதத்தின் குரல்: “கர்த்தாவே, ஏன் தூரத்தில் நிற்கிறீர்? ஆபத்து நேரிடுகிற சமயங்களில் நீர் ஏன் மறைந்திருக்கிறீர்?” வேதம் தன் சங்கீதப் புத்தகத்துக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதைக் கேட்ட சங்கீதக்காரனும் அந்த ஏழைத் தகப்பனும் கடவுளிடம் நீதியைத்தான் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்ப்பே இல்லாதவனுக்குக் கோபமும் வராது. கதையின் மீதிப் பகுதியும் இதையே உறுதிசெய்கிறது. மரணத்தின் ஞானப்பிள்ளை பேர்பெற்ற வைத்தியனாகிறான். நோயாளியின் தலைமாட்டில் மரணம் நின்றால் பிழைப்பான், கால்மாட்டில் நின்றால் சாவான் என்பது அவனுக்குக் கிடைத்த இரகசியம். அரசனுக்காக ஒருமுறையும் அரசகுமாரிக்காக மறுமுறையும் படுக்கையில் நோயாளியைத் திருப்பிக் கிடத்தி மரணத்தை ஏமாற்றுகிறான். கடைசியில் மரணம் அவனைப் பாதாளக் குகைக்கு இழுத்துச் சென்று, மனித உயிர்களாக எரியும் எண்ணற்ற மெழுகுவர்த்திகளுக்கு இடையே அணையப்போகும் அவனுடைய துண்டு மெழுகுவர்த்தியைக் காட்டுகிறது. புதியதொன்றில் ஏற்றிவைக்கும்படி அவன் கெஞ்ச, ஏற்றுவதுபோல் பாவனை செய்து வேண்டுமென்றே நழுவவிடுகிறது. அவன் விழுந்து சாகிறான். எல்லோரையும் சமமாக நடத்துகிறவன் என்று தகப்பன் நம்பிய ஞானத்தகப்பனிடம் நீதி இருந்தது, இரக்கம் இருக்கவில்லை. இரண்டும் உள்ள ஒருவரை அந்தத் தகப்பன் சாலையில் காணவில்லை; கதை அவரைக் காட்டவும் இல்லை. கிறிஸ்தவன் சொல்ல வேண்டிய செய்தி அந்த வெற்றிடத்தில்தான் தொடங்குகிறது. கதையே அதைச் சொல்லிவிட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை நமக்கு இல்லை.

வெளிப்படையாகவே வேதக் கதைபோலத் தோன்றும் ஒன்று, 1857 பதிப்பில் 180 ஆவதாக வருவது. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியக் கவிஞர் ஹான்ஸ் சாக்ஸும் இதைக் கையாண்டிருக்கிறார். ஏதேனை விட்டு வெளியேற்றப்பட்ட ஏவாளுக்குப் பிள்ளைகள் பலர். சிலர் அழகர், சிலர் அவலட்சணம். கடவுள் வீட்டுக்கு வரப்போகிறார் என்று அறிந்து, வீட்டைக் கூட்டி, பூ வைத்து, அழகான பிள்ளைகளைக் குளிப்பாட்டி வரிசையில் நிறுத்துகிறாள். மற்றவர்களை வைக்கோலுக்குள்ளும் கூரையடியிலும் அடுப்புக்குள்ளும் நிலவறையிலும் ஒளித்துவைக்கிறாள். கடவுள் வந்து வரிசையில் நின்றவர்களின் தலையில் கைவைத்து, நீ அரசன், நீ பிரபு, நீ வணிகன், நீ கல்விமான் என்று ஆசீர்வதிக்கிறார். அவருடைய தாராளத்தைக் கண்டு துணிவு கொண்ட ஏவாள், ஒளித்துவைத்தவர்களையும் ஓடிப்போய்க் கூட்டிவருகிறாள்; புழுதியும் கரியும் அப்பிய கோலத்தில் அவர்கள் வந்து நிற்கிறார்கள். அவர்களையும் ஆசீர்வதிக்கிறேன் என்று சொல்லி, நீ உழவன், நீ மீன்பிடிகாரன், நீ கொல்லன், நீ நெசவாளி என்று தொடங்கி, கடைசிப் பிள்ளையை வாழ்நாளெல்லாம் வீட்டு வேலையாளாக இருக்கும்படி ஆசீர்வதித்து முடிக்கிறார். ஆண்டவரே, எல்லோரும் என் பிள்ளைகள்தானே, ஏன் இந்த ஓரவஞ்சனை என்று ஏவாள் கேட்கிறாள். எல்லோரும் பிரபுக்களானால் யார் பயிர் செய்வது, யார் மாவரைப்பது, யார் துணி நெய்வது, ஒருவர் மற்றவரைத் தாங்கவேண்டும் என்கிறார் கடவுள். ஏவாள் மன்னிப்புக் கேட்டு அடங்கிவிடுகிறாள்.

இந்தக் கதையைத் தேயிலைத் தோட்டத்தில் நின்று வாசிக்கிறவர்களுக்கு அது ஒரு பழைய பிரசங்கமாகவே ஒலிக்கும். எல்லோரும் துரையானால் கொழுந்து பறிப்பது யார்? இந்தக் கேள்வியைக் கடவுளின் வாயில் வைத்துவிட்டால் காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கேள்வி கேட்க ஆள் இருக்கமாட்டார்கள். மலையகத்தில் தொழிலாளரிடையே சுவிசேஷப் பணி செய்ய 1854 இல் தொடங்கப்பட்ட அமைப்புக்கே தமிழ்க் கூலி மிஷன் என்றுதான் பெயர் இட்டார்கள். தோட்டத்துரைமாரின் ஆதரவோடு தொடங்கப்பட்ட பணி அது. அதனால் எங்கள் முன்னோருக்குக் கிடைத்த எழுத்தறிவையும் விசுவாசத்தையும் நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆயினும் ஆத்துமாவைத் தேடி வந்தவர்கள் அந்த ஆளைக் கூலி என்ற பெயரோடுதான் பதிவுசெய்தார்கள் என்பதும் உண்மை. ஒளித்துவைக்கப்பட்ட பிள்ளைகள் என்ற பகுதியை வாசிக்கும்போது 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் (குடியுரிமைச்) சட்டமும் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நாடு தன் பிள்ளைகளை வரிசைப்படுத்திய நாளில், தேயிலையை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த வரிசையிலேயே இல்லை.

ஆனால் டிக்கோயாவில் 1878 இல் எழும்பிய வார்லி ஆலயம் போன்ற இடங்களில் துரைமார்கள் மாலை ஆராதனைக்குக் கூடியபோது, அவர்களுடைய ஜெபப்புத்தகம் அவர்கள் கையில் கொடுத்த பாட்டு, பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளுகிற கடவுளைப் பற்றியது. ஏவாளின் கதையில் வரும் கடவுள், நாசரேத்தூர்ப் பெண் பாடிய கடவுள் அல்லர். அவர் பேசுவது அரண்மனைக் காரியஸ்தனின் பேச்சு. பிள்ளைகளிடம் இக்கதையை நான் சொல்வதுண்டு. சொல்லிவிட்டு, ஏவாள் மன்னிப்புக் கேட்டது சரியா என்று மட்டும் கேட்பேன். இல்லை என்று சொல்வதில் பெண்பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள்.

டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனிடம் வரும்போது நிலைமை வேறு. அவர் கதை சேகரித்தவர் அல்லர், எழுதியவர்; செருப்புத் தைக்கும் தகப்பனுக்கும் துணி வெளுத்துப் பிழைத்த தாய்க்கும் பிறந்தவர். அவருடைய கதைகளில் கிறிஸ்தவப் பொருளைத் தோண்டி எடுக்கவேண்டியதில்லை, மேலேயே கிடக்கும். 1844 இல் வெளிவந்த பனி அரசியின் கதையில், பிசாசு செய்த கண்ணாடி உடைந்து, அதன் சில்லு ஒன்று காய் என்ற சிறுவனின் கண்ணிலும் மற்றொன்று இருதயத்திலும் விழுகிறது. நல்லதெல்லாம் அவனுக்கு அற்பமாகத் தோன்றத் தொடங்குகிறது. பனி அரசி தன் சறுக்குவண்டியில் அவனை இழுத்துச் செல்லும்போது, பயந்துபோன அவன் பரமண்டல ஜெபத்தைச் சொல்லப் பார்க்கிறான். வாய்பாடு மட்டுமே ஞாபகத்தில் வருகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பிரத்தியேக வகுப்புகள் ஞாயிறு காலையையும் பிடித்துக்கொண்ட பிறகு, எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் வரவு எப்படிக் குறைந்தது என்பதை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்கமாட்டார்கள். வாய்பாடு கெட்டதென்று நான் சொல்லவரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு வெளியே போகும் வழிகளில் பரீட்சையும் ஒன்று. காயைத் தேடி வரும் அவன் தோழி கெர்டா அதே ஜெபத்தைச் சொல்கிறாள். குளிரில் அவள் மூச்சு புகையாகி, அந்தப் புகை தலைச்சீராவும் கேடகமும் தரித்த தேவதூதர்களாகிறது. அவளுடைய கண்ணீர் அவன் இருதயத்துச் சில்லைக் கரைக்கிறது. நுவரெலியாவின் தை மாத விடியலில் வாய் திறந்தாலே புகை வரும் என்பதால், இந்தக் காட்சியை விளக்க நான் சிரமப்பட்டதே இல்லை. கதை மத்தேயு 18 ஆம் அதிகாரத்தின் வசனத்தோடு முடிகிறது: “நீங்கள் மனந்திரும்பிப் பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால், பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள்.” கடற்கன்னியின் கதையிலும் அழியாத ஆத்துமாவைப் பெறுவதே பெரிய ஆசை, ஆனால் அதை முந்நூறு ஆண்டு நற்செயல்களால் சம்பாதிக்கவேண்டும் என்று அக்கதை முடிவதால், கிருபையால் இரட்சிப்பு என்று கற்றவர்களுக்கு அது சற்று உறுத்தும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

1845 இல் வந்த தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை மட்டும் என்னால் இலேசாகக் கடந்துபோக முடியாதது. வருடத்தின் கடைசி இரவில், காலில் செருப்பில்லாமல், ஒரு குச்சியும் விற்காததால் அடிக்குப் பயந்து வீடு திரும்பாமல் சுவரோரத்தில் ஒடுங்கியிருக்கும் அவள், குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி அடுப்பையும் விருந்தையும் நத்தார் (கிறிஸ்மஸ்) மரத்தையும் கடைசியில் பாட்டியையும் காண்கிறாள். பாட்டி அவளைக் கடவுளிடம் கொண்டுபோகிறாள். இதைக் கேட்டு அழாத பிள்ளை இல்லை. அந்த அழுகையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஏழைப் பிள்ளைக்குப் பரலோகத்தில் சூடு கிடைத்துவிட்டது, இனிப் பூமியில் யாரும் விறகு தேடவேண்டியதில்லை என்று கேட்கிறவர் நிம்மதியாகிவிடலாம். லூக்கா 16 ஆம் அதிகாரத்தில் லாசருவையும் தேவதூதர்கள் ஆபிரகாமின் மடிக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் இயேசு அந்த உவமையில் பெரும்பகுதியை லாசருவைப் பற்றிப் பேசச் செலவிடவில்லை; வாசலில் கிடந்தவனைத் தாண்டித் தாண்டிப் போன ஐசுவரியவானைப் பற்றியே பேசினார். ஆண்டர்சனும் அந்தத் தெருவில் நாள் முழுவதும் ஒருவரும் ஒரு குச்சிகூட வாங்கவில்லை என்பதைச் சொல்லத் தவறவில்லை. ஆகவே இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட, சபைக் கூட்டத்தில் பெரியவர்களுக்குச் சொல்வதே முறை என்பது என் கருத்து.

பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்வது கிரிம் தொகுப்பின் 153 ஆவது கதை. தாய் தகப்பன் இல்லாத ஒரு சிறுமி, உடுத்திய துணியும் யாரோ இரங்கிக் கொடுத்த ரொட்டித் துண்டும் தவிர வேறொன்றும் இல்லாமல், கடவுளை நம்பி வெளியே நடக்கிறாள். பசித்தவனுக்கு ரொட்டியைக் கொடுக்கிறாள். குளிரில் நடுங்கும் பிள்ளைகளுக்குத் தொப்பியையும் சட்டையையும் பாவாடையையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்கிறாள். இருட்டிவிட்டது, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று கடைசி உள்ளாடையையும் கொடுத்துவிடுகிறாள். அப்போது வானத்து நட்சத்திரங்கள் வெள்ளிக் காசுகளாக உதிர்கின்றன. உடலில் புதிய மெல்லிய ஆடை இருக்கிறது. காசுகளைப் பொறுக்கிக்கொண்டு அவள் வாழ்நாள் முழுவதும் செல்வத்தோடு இருக்கிறாள்.

வருகிற நத்தார் நிகழ்ச்சிக்கு இதை நாடகமாக்குவது என்று எடுத்தபோது, என்னோடு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், காசு விழும் காட்சியை நீக்கிவிட்டு நட்சத்திரங்களோடு முடிக்கலாம் என்றார். கொடுத்தால் திரும்பக் காசாகக் கிடைக்கும் என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள், ஆசீர்வாத வியாபாரம் செய்யும் பிரசங்கிகளின் பேச்சு ஏற்கனவே லயங்களில் போதுமான அளவு இருக்கிறது என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மரியாளின் பாட்டு, பசியுள்ளவர்களை ஆறுதல் வார்த்தைகளால் நிரப்பினார் என்று சொல்லவில்லை. அந்தச் சிறுமி காசுக்காகக் கொடுக்கவும் இல்லை. அவளுக்கு அது வரும் என்றே தெரியாது. கையில் ஒன்றுமில்லாமல் நின்ற பிள்ளைக்கு நட்சத்திரத்தின் அழகை மட்டும் காட்டி அனுப்பிவைப்பது, வசதியோடு இருக்கிறவர்கள் எழுதும் முடிவு. காசு மேடையில் விழத்தான் வேண்டும், அதுவும் சத்தம் கேட்கும்படி விழவேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த ஒத்திகைக்குள் குருவானவரிடம் கேட்டு முடிவு செய்வதாகப் பேசி வைத்திருக்கிறோம்.